நாற்பது பேர், எட்டுப் பக்கம், ஒரே தளம்

வகுப்பில் வலைத்தளம் செய்யலாம் என்றதும் எல்லாரும் முதலில் கேட்பது, "எந்தக் கருவியில் செய்வது?" என்றுதான். அதைக் கடைசியில் கேட்டால் போதும். எதைப் பற்றி எழுதுகிறோம், யார் படிக்கப்போகிறார்கள், எத்தனை பக்கம் என்ற மூன்றும் தாளில் முடிவாகிவிட்டால், கருவி எதுவானாலும் ஆறு பீரியடில் வேலை முடியும். முடிவாகாமல் லேபுக்குள் நுழைந்தால் முதல் பீரியடு தலைப்புக்கு நிறம் மாற்றுவதிலேயே போகும், இரண்டாவது பின்னணிப் படம் தேடுவதில் போகும். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. எழுத வேண்டியது கையில் இல்லாதபோது அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

சேலத்திலும் ஏற்காட்டு மலையிலும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளோடு செய்து செய்து தேறிய முறையை இங்கே எழுதுகிறோம். லேபில் பத்துக் கணினி, வகுப்பில் நாற்பது பேர், பீரியடு நாற்பது நிமிடம், அதில் கணினியை எழுப்பி உட்காரவே ஐந்து நிமிடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு தளம் வேண்டாம். நாற்பது தளத்தையும் ஒரே ஆசிரியர் வரி வரியாகப் படித்துத் திருத்த முடியாது, திருத்தாத ஒன்று ஊர் பார்க்கப் போகவும் கூடாது. வகுப்புக்கு ஒரே தளம் போதும். ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழு, குழுவுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 120 முதல் 150 சொல், மூன்று படம். எட்டுக் கணினியில் எட்டுக் குழுவும் உட்காரும். மீதி இரண்டில் ஒன்று படம் சுருக்குவதற்கு, இன்னொன்று நடுவில் ஏதாவது ஒன்று படுத்துக்கொண்டால் மாற்றிக்கொள்வதற்கு. ஐவரில் ஒருவர் எழுதுவார், ஒருவர் தட்டுவார், ஒருவர் படத்தைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் வெளியே போய்க் கேட்டு வருவார், ஒருவர் எண்ணையும் பெயரையும் சரிபார்ப்பார். தட்டுபவரை ஒவ்வொரு பீரியடும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் வீட்டில் கணினி இருக்கும் பிள்ளையே கடைசிவரை தட்டிக்கொண்டிருக்கும், மற்ற நால்வரும் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள்.

தலைப்பைச் சின்னதாக வெட்டுங்கள்

"எங்கள் மாவட்டம்" என்று தலைப்புக் கொடுத்தால் வருவது முழுக்க நகல்தான். அத்தனை பெரிய பொருளில் ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்தது என்று சொல்ல ஒன்றும் இல்லை. "குச்சிக்கிழங்கு ஜவ்வரிசி ஆவது எப்படி" என்று கொடுத்துப் பாருங்கள். குச்சிக்கிழங்கு என்பது மரவள்ளிதான். ஆத்தூர்ப் பக்கமோ சேலத்தைச் சுற்றியோ உள்ள வகுப்பில் காட்டில் கிழங்கு போட்ட வீடும் இருக்கும், சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு வேலைக்குப் போகும் வீடும் இருக்கும். பக்கங்கள் தாமாகவே பிரிந்துவிடும்: குச்சி நடுவது, கிழங்கு பிடுங்குவது, ஆலையில் கழுவித் தோலுரித்து அரைப்பது, பால் வடித்து மாவு தெளியவிடுவது, குருணையாக்கி வறுப்பது, களத்தில் காயப்போடுவது, வீட்டில் வடாமும் பாயசமும், கடைசியாக இந்தத் தொழிலில் புழங்கும் சொற்கள். எட்டுக் குழுவுக்கு எட்டுப் பக்கம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொலுசு, ஏற்காடு சாலையோரப் பள்ளிக்கு வெள்ளைக்கல் (மேக்னசைட்), நகரத்து நடுவில் என்றால் தட்டுவடை செட்டுக்கூட நல்ல தலைப்புதான்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மலையில் காபியைத் தலைப்பாக எடுத்தால் பூப்பது மார்ச், ஏப்ரலில் கோடை மழைக்குப் பிறகு. பழம் பறிப்பது பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை. ஜூலையில் தொடங்கி ஆகஸ்டில் முடிக்கத் திட்டம் போட்டால் பூவும் கிடைக்காது, பழுத்த பழமும் கிடைக்காது, பச்சைக்காயும் நிழல் மரமும்தான் படத்தில் இருக்கும். அப்போது பிள்ளைகள் இணையத்தில் பிரேசில் தோட்டத்துப் படத்தை எடுத்து ஒட்டிவிடுவார்கள். சேலம் மாம்பழமும் இப்படித்தான், பழம் வரும்போது பள்ளிக்குக் கோடை விடுமுறை. ஒன்று, தொடங்கும் மாதத்தை மாற்றுங்கள். இல்லையென்றால் முந்தின ஆண்டே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

எழுத்தில் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலை ஒன்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். காயப்போடும் களத்தைப் பற்றி எழுதும் குழு முதலில் எழுதி வருவது அநேகமாக இப்படி இருக்கும்: "ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து தயாரிக்கப்படும் ஒரு முக்கியமான உணவுப் பொருளாகும். இது பல்வேறு உணவுகளில் பயன்படுத்தப்படுகிறது." இலக்கணப் பிழை இல்லை, யாரும் எதையும் பார்க்கவும் இல்லை. இதைச் சிவப்பு மையில் அடிக்காமல் மூன்று கேள்வி கேட்டு அனுப்புங்கள். களம் எதனால் ஆனது? எதைக் கொண்டு கிளறுகிறார்கள்? மழை தூறினால் என்ன செய்வார்கள்? மறுநாள் வருவது வேறு மாதிரி இருக்கும்: "வறுத்த ஜவ்வரிசியைச் சிமென்ட் களத்தில் பரப்பி வைக்கிறார்கள். கட்டைப் பலகையால் மணிக்கொருதரம் கிளறிவிடுகிறார்கள். மேகம் கறுத்தால் எல்லாரும் ஓடிவந்து குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள்." இந்த மூன்று வரியை எந்த இணையப் பக்கத்திலிருந்தும் எடுத்திருக்க முடியாது. ஒவ்வொரு பக்கத்திலும் பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று, சரிபார்த்த எண் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று வைத்துக்கொண்டால் நகலெடுக்கும் பழக்கம் பாதி அங்கேயே நின்றுவிடுகிறது.

சரிபார்த்த எண் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்காட்டின் உயரம் என்று நான்கு இடத்தில் தேடினால் நான்கு எண் வரும். ஊர் இருப்பது ஏறத்தாழ 4,970 அடியில், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 5,326 அடி. ஒருவர் ஊரைச் சொல்வார், இன்னொருவர் உச்சியைச் சொல்வார், மூன்றாமவர் மீட்டரை அடி என்று எழுதிவிடுவார். "இது எதனுடைய உயரம்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை அடுத்த முறை தானே கேட்கும். பழைய குறிப்புகளில் இன்னொரு குழி இருக்கிறது. தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும் சேலத்திலிருந்து பிரிந்த மாவட்டங்கள். அதற்கு முந்திய கட்டுரையைப் பார்த்து எழுதினால் ராசிபுரமும் திருச்செங்கோடும் இன்னும் சேலம் மாவட்டத்திலேயே இருக்கும்.

எந்தக் கருவி

இப்போது கேட்கலாம். எட்டு, ஒன்பதாம் வகுப்புக்கு எங்கள் தேர்வு கூகுள் சைட்ஸ். இலவசம், விளம்பரம் வராது, பல பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், செய்ததெல்லாம் தானாகச் சேமிப்பாகிவிடும். அலங்காரத்துக்கு அதில் அதிக வழி இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். பள்ளிக்கு அதுவே நல்லது, பிள்ளைகள் சீக்கிரம் எழுத்துக்குத் திரும்பிவிடுவார்கள். கேன்வாவில் பக்கம் அழகாக வரும், பள்ளி ஆசிரியர்களுக்குச் சரிபார்ப்புக்குப் பின் இலவசக் கல்விக் கணக்கும் தருகிறார்கள். ஆனால் ஒரு பீரியடு முழுக்க ஒட்டுப்படம் தேடுவதில் கரைந்துபோகும். வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் விளம்பரம் வரும், எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை. பிள்ளைகள் எழுதிய பக்கத்துக்கு அது ஒத்துவராது. விக்ஸ் இலவசத் தளத்தின் தலையில் அவர்கள் பட்டை இருக்கும். நாட்குறிப்பு மாதிரி தேதி வரிசையில் எழுத வேண்டுமானால், உதாரணமாகப் பள்ளித் தோட்டத்து வாரக் குறிப்பு, பிளாகர் இன்னும் நன்றாகவே உதவுகிறது.

பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் வேறு வழி சொல்வோம். வலைப்பக்கம் எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. நோட்பேடில் எழுதி, தளம் வைக்க இலவசமாக இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் பாடமும் தளமும் ஒன்றாகிவிடும். அங்கே மாட்டும் இடங்கள் மூன்று. பழைய விண்டோஸ் கணினியில் நோட்பேடு கோப்பை ஆன்சி என்ற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் சேமித்துவிடும், தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும், அப்படிப் போன எழுத்து திரும்ப வராது. சேமிக்கும்போதே தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது, கோப்பின் தலைப்பகுதியில் எழுத்து எந்தக் குறியீட்டில் இருக்கிறது என்று சொல்லும் கேரக்டர் செட் வரி விட்டுப்போனால் தமிழ் எழுத்து இருக்கும் இடத்தில் புரியாத குறிகள் கூட்டமாக நிற்கும். மூன்றாவதுதான் பிள்ளைகளை அழவைப்பது: லேபில் தெரிந்த படம் இணையத்தில் தெரியாது. கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை விண்டோஸ் பொருட்படுத்தாது, தளம் இருக்கும் சர்வர் பொருட்படுத்தும். கேமரா படத்தின் பெயர் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று முடிய, நாம் சின்ன எழுத்தில் எழுதியிருப்போம். எல்லாக் கோப்புப் பெயரையும் தொடக்கத்திலேயே சின்ன எழுத்துக்கு மாற்றி, இடைவெளி இல்லாமல் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

கணக்கு யார் பேரில்

தளத்தைத் தன் சொந்த ஜிமெயில் கணக்கில் தொடங்கும் ஆசிரியர்கள்தான் அதிகம். அதில் இரண்டு ஆபத்து. அந்தக் கணக்கை எட்டுக் கணினியிலும் திறந்து வைத்தால் ஆசிரியருடைய மெயிலும் டிரைவும் நாற்பது பிள்ளைகளுக்கும் திறந்தே கிடக்கும். இரண்டாவது, கலந்தாய்வில் மாறுதல் கிடைத்து அவர் வேறு ஊர் போனால் தளமும் கூடவே போய்விடும்.

பள்ளி பேரில் ஒரு கணக்கு, வகுப்பு பேரில் ஒரு கணக்கு, ஆக இரண்டு திறந்துகொள்ளுங்கள். தளத்துக்கு உரிமையாளர் பள்ளிக் கணக்கு. அதன் கடவுச்சொல் தலைமை ஆசிரியருக்கும் பொறுப்பாசிரியருக்கும் மட்டும் தெரியும், இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டிருக்கும். வகுப்புக் கணக்குக்குத் திருத்தும் உரிமை மட்டும் கொடுத்து அதை லேபில் திறக்க வேண்டும். ஒரே கணக்கை எட்டுக் கணினியில் அடுத்தடுத்துத் திறந்தால் கூகுள் சந்தேகப்பட்டுப் போனுக்குக் குறியீடு அனுப்பும், சில நேரம் கொஞ்ச நேரத்துக்குப் பூட்டியும் விடும். பீரியடு நேரத்தில் இது நடந்தால் அன்றைய வேலை போச்சு. முந்தின நாள் மாலையே, பதிந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிடுங்கள்.

13 வயது நிரம்பாதவர்கள் தாமாகக் கூகுள் கணக்குத் திறக்க முடியாது. பிறந்த ஆண்டைக் கூட்டிப் போட்டுத் திறக்கச் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமாக அது இருக்கக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது, அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே பெற்றோருக்கு எளிய தமிழில் ஒரு கடிதம்: என்ன தளம், பிள்ளையின் எது அதில் வரும், எது வராது, வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது. நான்கு வரியும் ஒரு கையெழுத்தும் போதும். கடிதம் திரும்பாத பிள்ளையைக் குழுவை விட்டு ஒதுக்காதீர்கள். அந்தப் பிள்ளையும் எழுதலாம், பெயரும் படமும் வராது, அவ்வளவுதான். உண்மையில் யாருடைய முழுப்பெயருமே தேவையில்லை. குழுவுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைப் பக்கத்தின் அடியில் போட்டால் போதும். வீட்டு முகவரி, எமிஸ் எண் (கல்வித்துறை தரும் மாணவர் அடையாள எண்), பிறந்தநாள், சீருடையில் பள்ளிப் பெயரோடு தனியாக நிற்கும் படம், இவற்றில் எதுவும் வேண்டாம்.

தமிழ் தட்டுவது

நேரத்தை அதிகம் விழுங்குவது இதுதான், திட்டம் போடுபவர்கள் கணக்கில் எடுக்காததும் இதுதான். பழக்கமில்லாத கைக்கு 120 சொல் தட்ட ஒரு முழுப் பீரியடு வேண்டும், சில குழுவுக்கு ஒன்றரை.

ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பது முதல் நாளில் சுலபமாகத் தெரியும். ஆனால் ல, ள, ழ மூன்றிலும் ந, ன, ண மூன்றிலும் பிள்ளைகள் முதலில் வந்து நிற்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். தமிழ்99 விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை இருப்பதால் எந்த ழகரம் என்று நினைத்துத்தான் விரல் வைக்க வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வகுத்த முறை அது. உயிரெழுத்து இடக்கைப் பக்கம், மெய் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். அதன் அருமை புள்ளியில் இருக்கிறது. "குச்சிக்கிழங்கு" என்று தட்டிப் பாருங்கள்: க, உ, ச, ச, இ, க, க, இ, ழ, ங, க, உ. பன்னிரண்டே தட்டு. அந்தச் சொல்லில் புள்ளி வைத்த எழுத்து மூன்று இருந்தும் புள்ளி விசையை ஒருமுறைகூடத் தொடவில்லை. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்கும், ங-வுக்குப் பின் க வருவதுபோல் இன எழுத்து சேர்ந்து வந்தால் முன்னதற்கும் புள்ளி தானாக விழும். "சேலம்" என்பதில் கடைசி மகரத்துக்கு மட்டும் எஃப் விசையைத் தட்டிப் புள்ளி வைக்க வேண்டும். விசைப்பலகைப் படத்தை அச்சடித்து ஒவ்வொரு கணினியின் பக்கத்திலும் ஒட்டி, தளவேலை தொடங்குவதற்கு முன் இரண்டு பீரியடு இதற்கென்றே ஒதுக்கினால் அந்த நேரம் பிறகு திரும்பக் கிடைத்துவிடும்.

பள்ளியில் ஏற்கெனவே தட்டி வைத்திருக்கும் கோப்புகளை நம்பி இறங்காதீர்கள். பல பள்ளிகளில் வினாத்தாளும் விழா அழைப்பும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அதை எடுத்துத் தளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் குவியலாகக் கொட்டும். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றியில் போட்டு, எல்லாக் கருவியும் படிக்கும் யூனிகோடாக்க வேண்டும். மாற்றிய பிறகு இரண்டு இடத்தைக் கட்டாயம் பாருங்கள். நடுவில் இருந்த ஆங்கிலச் சொல்லையும் மாற்றி தமிழ் எழுத்தாக்கியிருக்கும், மேற்கோள் குறிகளும் வேறு எழுத்தாகியிருக்கும்.

தளத்தில் எழுத்துருவை மாற்றியும் தமிழ் அப்படியே இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் எழுத்தே இல்லையென்றால் கருவி தன்னிடம் உள்ள தமிழ் எழுத்துருவைக் காட்டிவிடும், ஆங்கிலம் மட்டும் மாறும். இதற்காக நேரத்தைச் செலவிட வேண்டாம். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டு ஓரமும் சமமாக இழுத்து வைத்தால் நம் நீளமான சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை தெரியும், இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும். பக்கத் தலைப்பு மூன்று சொல்லுக்குள் நிற்கட்டும், போன் திரையில் அதற்குமேல் தாங்காது.

முகவரியில் மட்டும் தமிழ் வேண்டாம். தளத்தின் பெயருக்கு ஆங்கிலச் சின்ன எழுத்தும் எண்ணும் இடைக்கோடும்தான் செல்லும். பக்கத்தின் முகவரியில் தமிழ் போட்டாலும் அனுப்பும்போது விழுக்காட்டுக் குறிகளாகச் சிதறும்: ஒவ்வோர் எழுத்துக் குறியீட்டுக்கும் ஒன்பது இடம், "ஏற்காடு" என்ற ஒரு சொல்லே 63 இடம். பக்கத்தின் பெயர் தமிழில் இருக்கட்டும், அதன் முகவரியை மட்டும் சின்ன ஆங்கிலச் சொல்லாக மாற்றிவிடுங்கள்.

படம்

இப்போதைய போனில் எடுத்த படம் ஒன்று 4,000க்கு 3,000 பிக்சல், மூன்று முதல் ஐந்து எம்பி வரை இருக்கும். எட்டுப் பக்கத்துக்கு 24 படம் என்றால் நூறு எம்பியைத் தொடும். அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்தால் படம் பெரும்பாலும் முந்நூறு கேபிக்குள் அடங்கும், போனில் பார்க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பெயின்டில் திறந்து, ரீசைஸ் சொடுக்கி, விழுக்காட்டை விட்டுப் பிக்சலைத் தேர்ந்து, கிடைமட்டத்தில் 1200 என்று போட்டு, வேறு பெயரில் சேமித்தால் முடிந்தது. பெயர் குழு எண், படம் எண் என்றே இருக்கட்டும்: 3-1, 3-2, 3-3. "புதியது", "கடைசி", "கடைசி சரியானது" என்று வைத்தால் யாருக்கும் எதுவும் கிடைக்காது.

படத்துக்குள் எடுத்த இடத்தின் குறியீடும் ஒளிந்திருக்கலாம். ஒரு பிள்ளை வீட்டுத் திண்ணையில் எடுத்த வடாம் படம் அந்த வீட்டின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். விண்டோஸில் படத்தின் மேல் வலச்சொடுக்கி, பிராப்பர்ட்டீஸில் டீடெயில்ஸ் பகுதிக்குப் போனால் தனிவிவரத்தை நீக்கும் வழி அடியில் இருக்கும். படமெடுக்கும் போனிலேயே கேமராவின் இருப்பிடப் பதிவை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

ஆலையிலோ கொலுசுப் பட்டறையிலோ எடுக்கும்போது உரிமையாளரிடமும் படத்தில் வருபவரிடமும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கையும் வேலையும் தெரிந்தால் போதும், முகம் வேண்டாம். தேடுபொறியில் கண்ட படத்தை எடுத்து ஒட்டுவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி தவறு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாத படம் வேண்டுமானால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் தேடி, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் அடியில் எழுதலாம். ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை எழுதச் சொல்லுங்கள். பார்வையில்லாத ஒருவருக்குப் போன் அதைப் படித்துக்காட்டும் என்று விளக்கினால் பிள்ளைகள் அக்கறையோடு எழுதுகிறார்கள். "களம்" என்று எழுதியவர்கள் "வெள்ளை ஜவ்வரிசி பரப்பிய சிமென்ட் களம், ஓரத்தில் மடித்து வைத்த தார்ப்பாய்" என்று எழுதுவார்கள்.

கட்டும் நாள்

எழுத்து எல்லாம் தனி ஆவணத்தில் தட்டித் திருத்தி முடித்த பிறகே தளத்தைத் திறக்க வேண்டும். முகப்பு, பக்க வரிசை, தீம் மூன்றையும் ஆசிரியர் முந்தின நாளே அமைத்து, எட்டு வெற்றுப் பக்கத்தையும் பேஜஸ் பகுதியில் பெயரோடு உண்டாக்கி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் பக்கத்தைத் திறந்து, இன்செர்ட் பகுதியிலிருந்து எழுத்துப் பெட்டியை இழுத்து, ஆவணத்திலிருந்து ஒட்டி, படத்தை ஏற்றினால் போதும். ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆவணத்தின் எழுத்தளவும் நிறமும் கூடவே வந்து எட்டுப் பக்கமும் எட்டு விதமாக நிற்கும்.

தன் பக்கத்தை விட்டு அடுத்த குழுவின் பக்கத்தை யாரும் தொடக் கூடாது. இதில் கண்டிப்பு வேண்டும். யாராவது ஒரு பக்கத்தை அழித்துவிட்டால் வெர்ஷன் ஹிஸ்டரியில் பழையதை மீட்கலாம்தான், ஆனால் மீள்வது அந்த ஒரு பக்கம் மட்டுமில்லை, தளம் முழுக்கவும் பழைய நேரத்துக்குப் போய்விடும். மூன்றாம் குழுவுக்காக மீட்டால் மற்ற ஏழு குழுவின் அன்றைய உழைப்பும் போகும். எழுத்து தனி ஆவணத்தில் இருந்தால் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கணினித் திரையில் அழகாக இருப்பது போனில் குலைவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் விளக்கத்தை அடுத்த வரிசையில் தனிப் பெட்டிகளாக எழுதியிருப்பார்கள். போன் எல்லாவற்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கும். படம், படம், விளக்கம், விளக்கம் என்று வந்து, கிழங்கு அரைக்கும் இயந்திரத்தின் விளக்கம் எங்கோ கீழே தொங்கும். படமும் விளக்கமும் இணைந்தே இருக்கும் ஆயத்த அமைப்புகள் இன்செர்ட் பகுதியின் மேலேயே இருக்கின்றன, அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டால் இது நேராது. படிக்கப்போகும் அப்பாயிகளும் அத்தைகளும் போனில்தான் படிப்பார்கள். ஆகவே முன்னோட்டத்தில் போன் படத்தைச் சொடுக்கிப் பார்க்காமல் எந்தக் குழுவும் எழுந்திருக்கக் கூடாது.

மலைப்பள்ளிகளுக்கு இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். நாகலூர், மஞ்சக்குட்டை மாதிரி ஊர்களில் மழை இறங்கினால் கரண்டும் சிக்னலும் சொல்லிக்கொள்ளாமல் போகும். கூகுள் சைட்ஸில் இணையம் இல்லாமல் திருத்த முடியாது. ஒரு போனின் ஹாட்ஸ்பாட்டில் எட்டுக் கணினியைக் கட்டினால் எட்டும் சுற்றிக்கொண்டே நிற்கும். அங்கே முறையை மாற்றிக்கொள்ளுங்கள்: பிள்ளைகள் இணையம் தேவையில்லாத லிப்ரே ஆபிஸில் தட்டி, படத்தைச் சுருக்கி, குழுவுக்கு ஒரு ஃபோல்டராகப் பென்டிரைவில் கொடுக்கட்டும். பக்கம் எப்படி வர வேண்டும் என்பதை ஏ4 தாளில் கட்டம் போட்டு வரையட்டும். சிக்னல் இருக்கும் நாளில் ஒரே கணினியில், குழுவுக்கு இரண்டு பேராக வந்து பத்துப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். தாளில் வரைந்த கட்டம் கையில் இருப்பதால் இந்தப் பிள்ளைகள் தடுமாறாமல் முடிப்பதைப் பார்க்கிறோம். நகரத்துப் பள்ளிக்கும் இதே வழியை நாங்கள் சொல்லத் தொடங்கிவிட்டோம்.

வெளியிடும்போது

பப்ளிஷ் சொடுக்கியதும் யார் பார்க்கலாம் என்று கேட்கும். எல்லாரும் என்று வையுங்கள், கூடவே தேடுபொறிகளில் காட்ட வேண்டாம் என்ற தேர்வையும் போட்டுவிடுங்கள். முகவரி தெரிந்த பெற்றோர் பார்ப்பார்கள், முதல் ஆண்டுக்கு அது போதும்.

அடுத்து நீங்கள் கேட்கப்போகும் முறையீடு, "திருத்தினோம், போனில் மாறவே இல்லை" என்பது. தளத்தில் செய்யும் திருத்தம் வரைவில்தான் விழும். திரும்பவும் பப்ளிஷ் கொடுத்தால்தான் வெளியே தெரியும். இன்னொன்று, டிரைவிலிருந்து சேர்த்த வீடியோவோ ஆவணமோ லேபில் தெரியும், வீட்டில் அனுமதி கேட்கும். தளத்துக்கு அனுமதி கொடுத்தால் அந்தக் கோப்புக்கும் கொடுத்ததாகாது, அதைத் தனியாகப் பகிர வேண்டும். பள்ளியின் கல்விக் கணக்கில் உண்டாக்கிய கூகுள் ஃபார்ம் வெளியாட்களைத் தடுப்பதும் இதே மாதிரி அமைப்பால்தான். உள்நுழைந்த கணினியில் பார்த்தால் இவற்றில் எதுவும் கண்ணில் படாது. பள்ளிக் கணக்கைத் தொட்டிராத ஒரு போனில், மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) எட்டுப் பக்கத்தையும் திறந்து பாருங்கள். பிறகு முகவரியைக் கியூஆர் குறியாக அச்சடித்து அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

ஆண்டு முடிவில்

இலவசத் தளம் நிரந்தரம் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஜியோசிட்டீஸை 2009இல் மூடினார்கள். உலகமெங்கும் ஆசிரியர்கள் நம்பியிருந்த விக்கிஸ்பேசஸ் 2018இல் போனது. கூகுள் சைட்ஸின் பழைய வடிவமே பின்னர் நின்றுபோனது. இரண்டு ஆண்டு திறக்காமல் கிடக்கும் தனிநபர் கணக்கையும் அதில் உள்ளதையும் கூகுள் நீக்கிவிடலாம். ஆகவே ஏப்ரலில் பள்ளி மூடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் பிடிஎஃப் ஆக அச்சிட்டு, சுருக்கிய படங்களையும் தட்டிய ஆவணங்களையும் சேர்த்து இரண்டு பென்டிரைவில் போட்டு, ஒன்றைப் பள்ளியிலும் இன்னொன்றைப் பொறுப்பாசிரியரிடமும் வையுங்கள். வகுப்புக் கணக்கின் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள், பிள்ளைகள் அதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். பள்ளிக் கணக்கின் பெயர், கடவுச்சொல், அதில் பதிந்த போன் யாருடையது, தளத்தின் முகவரி, கடைசியாக வெளியிட்ட தேதி என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, உறையில் ஒட்டித் தலைமை ஆசிரியர் பீரோவில் வைத்துவிடுங்கள். பதிந்த போன் எண் மாறுதலாகிப் போகும் ஆசிரியருடையதாக இருந்தால், அவர் விடைபெறுவதற்கு முன் எண்ணை மாற்றிவிட வேண்டும். அவர் போன பிறகு அந்தக் குறியீட்டைக் கேட்டு வாங்குவதற்குள் ஜூன் பிறந்துவிடும்.